தேய்ந்த வாசற்படி

மகளும் மருமகனும் கனடாவின் பிக்கரிங்கில் வாங்கியது புது வீடல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கமக்காரக் குடும்பம் அந்தக் காலத்தில் கட்டிய கல்வீடு. நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. ஆனாலும் நல்ல சுவரைக் கண்டால் எனக்குத் தெரியும். வயலைத் திருத்தியபோது கிளம்பிய கற்களையே சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருக்கிறார்கள். சிவப்பு, சாம்பல், கறுப்பு என்று ஒன்றைப்போல ஒன்றில்லை. மூலைகளுக்கு மட்டும் செதுக்கிய பெரிய கல். சுவரின் தடிப்புக்கு, கிழக்கு யன்னற்கட்டில் ஏறி இருந்து நான் தாராளமாகத் தேத்தண்ணீர் குடிக்கலாம். ஸ்காபரோவில் நான் இருந்த அப்பாட்மென்டில் பக்கத்து வீட்டார் தும்மினாலும் கேட்கும்.

மருமகனுக்கு ஒரே கவலை, முன்வாசல் தெற்குப் பார்த்தது. ஊரிலுள்ள சாத்திரியார் போனில் படம் பார்த்துவிட்டு, கிழக்கில் வாசல் வைக்கச் சொல்லிவிட்டார். என் யன்னல் இருந்த சுவரை உடைக்க ஆளும் பேசியாயிற்று. நான் சமைக்கிற குசினியின் கதவைக் காட்டினேன்.

"தம்பி, குசினிக் கதவு கிழக்குத்தானே?"

"உது பின்கதவு, மாமி. வீடு குடிபூரலுக்கு ஐயரைக் குசினிக்குள்ளாலயே கூட்டிக்கொண்டு வாறது? சனம் சிரிக்கும்."

நான் வீட்டைச் சுற்றி வந்தேன். முன்கதவுக்குச் சித்திர வேலை செய்த நிலை, மேலே கண்ணாடி, எல்லாம் வடிவு. ஆனால் அதன் கற்படி நேற்று வெட்டியதுபோல விளிம்பு கூராக இருந்தது. குசினிப் படியோ நடுவில் தேய்ந்து குழிந்து, மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

மருமகனைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை வந்து பாருங்கோ, தம்பி. கட்டின சனம் எதாலை போய் வந்திருக்கு?"

அவர் அந்தக் குழிக்குள் சப்பாத்துக் காலை வைத்துப் பார்த்தார். மகள் சிரித்தாள்.

"வெள்ளைக்காரனும் சாத்திரம் பாத்துத்தான் கட்டியிருக்கிறான்!"

மருமகன் படியைப் படமெடுத்துச் சாத்திரியாருக்கு அனுப்பினார். நெடுநேரம் கழித்துச் சாத்திரியார் போன் எடுத்தார்.

"உதுதான் தலைவாசலெண்டால் பிறகென்ன? சுவரை விடுங்கோ."

குடிபூரலன்று குசினி வாசலில் மாவிலை கட்டி நிறைகுடம் வைத்தோம். ஐயர் அந்தப் பள்ளத்தில் வலது காலை வைத்துத்தான் உள்ளே வந்தார். வந்த சனமெல்லாம் முன்கதவு மணியை அடித்தது. மகள் வீட்டு மூலையில் நின்று, "இஞ்சாலை வாங்கோ, இஞ்சாலை வாங்கோ" என்று கத்திக் களைத்துப்போனாள்.

எல்லாரையும் வரவேற்க எனக்கு நல்ல இடம் இருந்தது. கிழக்கு யன்னற்கட்டில், உடையாத கல்லில் முதுகைச் சாய்த்தபடி இருந்தேன்.