அளக்க வந்த மிஸ்

குண்டசாலை பஸ்ஸில், விவசாயக் கல்லூரி வாசலில் இரண்டு மாணவிகள் ஏறினார்கள். குழியில் மூடிப் புளிக்கவைத்த மாட்டுப் புல்லின் வாசனையும் அவர்களோடு ஏறியது. சின்ன வயதில் இந்த வாசனை வந்தாலே எனக்குப் பயம்.

அப்போது எங்கள் வீடு கல்லூரி வேலியை ஒட்டி இருந்தது. எங்கள் பசுவுக்குக் கல்லூரி டாக்டர்தான் சினைக்கு ஊசி போட்டார். வெள்ளையும் கறுப்புமாக ஒரு கன்று பிறந்தது. "அவுங்க ஊசியில பொறந்தது, கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்று அம்மா விளையாட்டாகச் சொன்னதை நான் நம்பிவிட்டேன். அதற்கேற்ப மாதாமாதம் கல்லூரியில் படிக்கும் பயிற்சி மிஸ் ஒருவர் அந்தப் புல் வாசனையோடும் அளவு நாடாவோடும் வந்து கன்றின் நெஞ்சைச் சுற்றி அளந்தார். ஒருநாள் அவர் வருவதற்குள் கன்றை வாழைகளுக்குள் ஒளித்துவைத்தேன். அது கத்திக் காட்டிக்கொடுத்தது.

"ஏன் தங்கச்சி ஒளிச்ச?"

"அளவு சரியா வந்தா கூட்டிட்டுப் போயிருவீங்கல்ல?"

மிஸ் சிரித்தார். "இதக் கொண்டுபோய் நான் எங்க கட்டுறது? உங்க கொட்டில்ல எப்படி வளருதுன்னு காட்டணும். அதுதான் எனக்குப் பரீட்சை."

நிம்மதி பொழுதுசாயும் வரைதான் இருந்தது. கன்று மெலிந்தால் மிஸ் பெயிலாகிவிடுவாரே. தினமும் புல்லறுக்க ஓடினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், வாழ்க்கையில் அதிகம் பயந்தது அவர் பரீட்சைக்குத்தான். பயிற்சி முடிந்து அவர் போய்விட்டார். பாஸானாரா என்று இன்றுவரை தெரியாது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாணவியின் பையிலிருந்து அதே மாதிரி நாடா தொங்கியது.

"கன்னு வளருதா மகள்?" என்றேன்.

அவள் திகைத்தாள். "வளருது ஆன்ட்டி. அளக்கத்தான் விடமாட்டேங்குது."

"முன்னால யாராவது புல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும். பாஸானா எப்படியாவது எனக்குச் சொல்லிரு மகள்."