ஏற்றத்தில் இரண்டு சிவப்பு

பிள்ளைகளா, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குச் சொல்வது வேண்டாம். சொல்லும்போது அப்பாவை நல்லவனாக்கிவிடுவீர்கள், அந்தப் பழக்கம் உங்கள் இரண்டு பேருக்குமே உண்டு.

அம்மிணி, நீ கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொண்டிருந்த கூட்ஸ் ரயிலை நான் கொண்டுபோய் மோதவிட்ட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன். "அப்பாவுக்குத் தெரியாது" என்று அன்றைக்குச் சொன்னாய். நம் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால் உங்கள் அம்மா அதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. முதல் சிவப்பு சிக்னலைத் தெரியாமல் தாண்டினேன். இரண்டாவதைத் தெரிந்துதான் தாண்டினேன்.

அப்போது நான் குன்னூருக்குக் கீழே ஒரு டீ பேக்டரிக்கு இலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அந்த லாரி நன்றாக நினைவிருக்கும், கேபினில் ஏறி ஹாரன் அடிக்காத நாள் கிடையாது. பேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் இல்லை. சிறு விவசாயிகள் பறித்த பச்சை இலையை ஊர் ஊராகப் போய் எடை போட்டு ஏற்றி, இருட்டுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாக்கில் அடைத்த இலை காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கை விட்டால் சுடும். இன்னும் விட்டால் சிவந்துபோகும், அப்புறம் தூளுக்கு ஆகாது. அதனால் எங்கள் தொழிலில் நிற்பதே குற்றம்.

மலைப் பாதையில் எல்லா டிரைவருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று இருக்கிறது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் ஓரம் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுப்பதற்குள் உயிர் போய்விடும், ஒரு சாண் பின்னால் உருண்டாலும் பள்ளம். கீழே இருந்து சுற்றிப் பார்க்க வந்த கார்க்காரர்களை ஹாரனை அழுத்தியே நான் ஓரம் கட்ட வைத்திருக்கிறேன். இருபது வருடம் அப்படி ஓட்டியவன்.

பிறகு இலை விலை விழுந்தது. விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. ஏலத்தில் தூள் போகவில்லை என்றார்கள், போன தூளுக்கு விலை இல்லை என்றார்கள். வாரம் முழுக்க ஓடிய பேக்டரி நாலு நாளாகி, மூன்று நாளானது. ஓடுகிற நாளிலும் இலைக்கு அளவு வைத்துவிட்டார்கள். ஊரில் இலை எடை போடுகிற கொட்டகையில் வரிசையாக அடுக்கிய மூட்டைகளில் பாதியை ஏற்றிக்கொண்டு, மீதியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதைச் சொல்கிற வேலை யாருக்கு? டிரைவருக்கு. மேனேஜர் என்னிடம் "கொஞ்சம் பொறுங்க" என்பார். நான் அதையே கொண்டுபோய் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வருவேன். இலைக்குப் பதிலாக அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் லாரியில் ஏற்றி இறக்கினேன். இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். பொறுங்க என்று சொன்ன ஒருத்தரும் எதற்காகப் பொறுக்க வேண்டும், எதுவரைக்கும் என்று சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ஒரு கொட்டகையில் படுகர் வீட்டு அம்மா ஒருவர் கடைசியாக நின்றார். அவருக்கு முன்னாலேயே அளவு முடிந்துவிட்டது.

"எத்தனை நாளு பொறுக்கறது டிரைவரே? நீங்களே எங்க காட்டுக்குப் போயி செடிகிட்டச் சொல்லிட்டு வாங்க, துளிர்க்காதேன்னு."

"நான் என்னங்க பண்றது. அளவு வெச்சுட்டாங்க."

"அளவு உங்களுக்கு. எங்களுக்கு?"

மூட்டையின் வாயை அவிழ்த்தார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அத்தனை இலையையும் என் முன் சக்கரத்துக்குக் கீழே கொட்டினார். காலையிலிருந்து பறித்த இலை, ரெண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, ஒரு முற்றல்கூட இல்லை. "ஓட்டிட்டுப் போங்க" என்றார். பின்னால் வேலி, திரும்ப வேறு வழியில்லை. ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

உன் விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது நீ சொன்னதுதான் அம்மிணி. ஒரே ரயில் பாதை, அதில் ஆளுக்கொரு ரயில். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறீர்கள். ஒருவர் மட்டும் ஓட்டாமல் எல்லோருக்கும் சிக்னல் போடுகிறார். அந்தச் சீட்டு சும்மா கிடைக்காது. மாதக்கணக்கில் ஒரு சிவப்பையும் தாண்டாமல் ஓட்டினவருக்குத்தான் கொடுப்பார்கள். நீ ஒன்றையும் தாண்டியதில்லை. இந்த ஞாயிறு மலையேறுகிற கூட்ஸை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அடுத்த ஞாயிறு சிக்னல் சீட்டு உனக்கு. அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளை நீ ஒருத்திதான். அந்த வாரம் முழுக்க நீ நோட்டுப் புத்தகத்தில் தண்டவாளத்தை வரைந்துகொண்டு திரிந்தாய்.

அந்த ஞாயிறு நீ ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குன்னூரில் கோடைத் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும். எட்டு நாள் கழித்து வந்த தண்ணீர். வாசலிலிருந்து உங்கள் அம்மா கத்தினாள். "ஏனுங்க, தண்ணி வந்துருச்சு, ரெண்டு பேரையும் கொடத்தோட அனுப்புங்க."

நீ என்னைப் பார்த்தாய். "அப்பா, செத்த நேரம் உக்காருங்க. மஞ்சள் வந்தா வேகத்தக் கொறைங்க. செவப்பு வந்தா நிறுத்திருங்க. வேற ஒண்ணுமே பண்ண வேண்டாங்கப்பா."

"போ அம்மிணி, நான் ஓட்டாத வண்டியா" என்றேன். தம்பி குடத்தைத் தட்டிக்கொண்டே, "அப்பா, இதுல ஹாரன் இருக்குது, அடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நல்ல ஏற்றம். பெட்டிகளைப் பார்த்தால் நிறைந்த பாரம். சிவப்பு தெரிந்தது. நீ சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் என் கை கேட்கவில்லை. ஏற்றத்தில், பாரத்தோடு, நிற்பதா? மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில் மேலே இருந்து ஒரு ரயில் இறங்கி வருவது தெரிந்தது. இறங்குகிறவன்தானே நிற்க வேண்டும். ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினேன். ரயிலுக்கு ஓரம் கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இதுதான் தெரியாமல் செய்தது. இதற்கு என்னை யாரும் திட்டலாம், நான் தலை குனிய மாட்டேன்.

ஸ்பீக்கரில் சிக்னல் போடுகிறவரின் குரல் வந்தது. இளவட்டக் குரல். "கூட்ஸ், கூட்ஸ், ரெட் தாண்டிட்டீங்க. நிப்பாட்டுங்க."

மைக்கைக் கிட்டத்தில் இழுத்தேன். "ஏத்தமுங்க தம்பி. ஏறுற வண்டிக்குத்தான் வழி. அவர ஓரங்கட்டச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், "யாருப்பா இது? லாரியா ஓட்றாரு?" என்றது.

"ஆமாங்க, லாரிதான் ஓட்றேன். இருவது வருசமா."

இப்போது நாலைந்து பேர் சிரித்தார்கள். சிக்னல்காரர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "அண்ணா, இது ரயிலுண்ணா. ஓரம் கட்ட ஓரம் எங்க இருக்கு? ஒண்ணும் ஆகலை, கேளுங்க. அடுத்தாப்ல இன்னொரு ரெட் வரும். அதுல கண்டிப்பா நிக்கணும். எதிர்ல பாசஞ்சர் இறங்கி வருது. அது ஸ்டேஷன்ல பக்கத்து லைனுக்கு ஒதுங்கட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. தண்டவாளத்தில் ஓரம் கிடையாது, எதிரில் ஆள் வருகிறது, நின்றால் தப்பு சரியாகிவிடும், உன் பெயரும் கெடாது. அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். முந்தின நாள் என் சக்கரத்துக்குக் கீழே கிடந்த இலை கண்ணுக்கு முன்னால் வந்தது. நான்தான் எப்போதும் நிற்க வேண்டுமா, இங்கேயுமா என்று தோன்றியது. இரண்டாவது சிவப்பு வந்தது. வேகம் கூட்டுகிற பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தேன்.

"என் முன்னாடியே வர்றான், என் முன்னாடியே வர்றான்" என்று பாசஞ்சர் ஓட்டுகிறவரின் குரல். திரை ஒரு ஆட்டம் ஆடி நின்றது. இரண்டு மணி நேரமாக அத்தனை பேர் ஓட்டியது அதோடு முடிந்தது. அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக இருந்தது பிள்ளைகளா. ஒளிக்காமல் எழுதுகிறேன். மிகவும் நன்றாக இருந்தது.

நீ இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாய். குடத்தை இறக்காமலே திரையைப் பார்த்தாய்.

"யார் ஓட்டினது?" என்று சிக்னல்காரர் கேட்டார்.

"அப்பாங்கண்ணா. தண்ணி வந்துச்சு, நான் போயிட்டன்."

"முதல் ரெட்டுக்கு அப்புறம் நான் அவ்வளவு தெளிவாச் சொன்னேனே. தெரிஞ்சே பண்ணாரா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்கண்ணா. அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு லாரிதான் தெரியும்."

"தெரிஞ்சு பண்ணியிருந்தா அது அவர் தப்பு, உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது. தெரியாதவர் கையில வண்டியக் கொடுத்திருந்தா அது உன் தப்பும்மா. நாளைக்கு சிக்னல் சீட்டையும் இப்படி யார்கிட்டயாவது கொடுத்துட்டுப் போவே. சாரிம்மா."

மைக் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "தெரிந்துதான் செய்தேன்" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் சீட்டு உனக்கு நின்றிருக்கும். சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில் நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அதோடு விட்டேனா? நீ அழ ஆரம்பித்ததும் உன் மேலேயே பாய்ந்தேன். "விளையாட்டுக்கா இந்த அழுகை? அங்க சனம் இலையைக் கொண்டாந்து ரோட்டுல கொட்டுது, உனக்கு இங்க சிக்னல் கேக்குதா?"

உங்கள் அம்மா, "போதுமுங்க, பக்கத்து ஊட்டுல கேக்குது" என்றாள்.

நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாய். "அவங்களப் பொறுக்கச் சொன்னது நீங்கதானுங்களே அப்பா."

குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் அடிக்கக் கையை ஓங்கியிருப்பேன், நீ அங்கே நின்றிருந்தால். நல்லவேளை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நீ அந்த விளையாட்டுப் பக்கமே போகவில்லை. காரணமும் சொல்லவில்லை, என்னிடம் கோபமாகவும் இல்லை. சாதாரணமாக இருந்தாய். அதுதான் என்னை இன்னும் எரித்தது.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. விலையை விழவிட்டவர்கள் மேல் இருக்கிறது, அளவு வைத்தவர்கள் மேல் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டாமல், பேக்டரியில் வணக்கம் போட்டுவிட்டு, வீட்டில் என் மகளின் ரயிலில் காட்டினேன் பாருங்கள், அந்த ஆள் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதனால் உனக்கு ஒரு பயனும் இல்லை அம்மிணி, அதற்குள் அந்தச் சீட்டை வேறு ஒருவருக்கென்று சொல்லிவிட்டார்களாம், தம்பிதான் சொன்னான். அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பேக்டரிக்கு லீவு. நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த விளையாட்டில் எனக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்தேன். அதற்கே மத்தியானமாகிவிட்டது. சிக்னல்காரருக்கு ஒற்றை விரலால், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதினேன். முதலில் நான் செய்ததை எழுதினேன், அதற்குக் கீழே இலை விலையை எழுதினேன், அளவை எழுதினேன், அந்த அம்மா மூட்டையை அவிழ்த்ததை எழுதினேன், இருபது வருடம் ஓட்டியதை எழுதினேன். திரை நிறைந்துவிட்டது. ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். பிறகு கீழே இருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிக்க ஆரம்பித்தேன். மேலே மூன்று வரி நிற்கும்வரை அழித்தேன். இரண்டாவது சிவப்பைத் தெரிந்துதான் தாண்டினேன். என் மகள் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். சீட்டு அவளுடையது. கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.