சத்தம் போட்டுப் படி

என் கையெழுத்து கோழி கிண்டிய தரை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் மனது வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையிடம் சொல்லி எழுதவைத்திருக்கலாம். வாயால் சொல்ல முடியவில்லை என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. விடிகிற நேரத்தில் என் மடியில் சுருட்டுப் பலகை இருக்கும், எதிர்ச்சுவரில் சாய்ந்து தம்பி உட்கார்ந்திருப்பான். நான் சுருட்டு சுற்றுகிறவன். முந்தின நாள் தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடிவைத்த புகையிலை காலையில் நல்ல பதமாக இருக்கும். வெயில் ஏறிப் பதம் போவதற்குள் சுற்றி முடிக்க வேண்டும். கையையும் கண்ணையும் இலையிலிருந்து எடுக்க முடியாது. சும்மா இருப்பது காது மட்டும்தான். அதனால் தம்பியின் படிப்பை நான் காதால் காவல் காத்தேன். அவன் குரல் கேட்டால் படிக்கிறான், நின்றால் ஏமாற்றுகிறான். எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான். நான் படித்த ஐந்து வகுப்பும் அப்படித்தான் நடந்தது. வாத்தியார் வாசலில் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். உள்ளே எங்கள் கூச்சல் குறைந்தால் பிரம்போடு வருவார்.

அப்பா இறந்தபோது தம்பிக்கு மூன்று வயது. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பலகை முன்னால் உட்காரவைத்தார்கள். இவனாவது எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஒரு மேஜை முன்னால் உட்கார வேண்டும் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். அவனுக்குப் புத்தி நன்றாக இருந்தது, கணக்கில் ரொம்பவும். ஆனால் கணக்குப் போடும்போது அவன் பேசமாட்டான். எனக்கு அதுதான் பொறுக்காது.

"ஏலே, என்ன சத்தத்தைக் காணோம்?"

"கணக்குண்ணே. கணக்கை எப்படி வாசிக்கிறது?"

"போடுறதைச் சொல்லிக்கிட்டே போடு. வாய் அசைஞ்சாத்தான் மண்டையில ஏறும்."

முதலில் முனகினான். இரண்டொரு முறை கை நீட்டியும் இருக்கிறேன். பிறகு அவனுக்கே அது பழக்கமாகிவிட்டது. சரித்திரம், பூகோளம், கூட்டல், கழித்தல் எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் சொல்லுவான். எதிர்வீட்டு அத்தை தண்ணீருக்குப் போகும்போது நின்று, "உன் தம்பி படிக்கிற படிப்புல எங்க வீட்டு ஆடு இங்கிலீஷ்ல கத்துது, அப்பு. பரீட்சைக்கு அதையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்பாள். நான் தலை நிமிராமல் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமை. ஒருநாள் அவன் என்னிடம், "இப்பல்லாம் சும்மா கண்ணால பார்த்தா ஒண்ணும் புரியமாட்டேங்குதுண்ணே. சொன்னாத்தான் வருது" என்றான். நல்ல பழக்கம் ஊறிவிட்டது என்று நினைத்தேன்.

பரீட்சை தொடங்கிய முதல் நாளே அவன் பதினொரு மணிக்கே வீடு திரும்பினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் அவனுடைய கணக்கு வாத்தியார் வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. எழுதும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறான். மேற்பார்வைக்கு வந்தவர் வெளியூர்க்காரர். இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். மூன்றாம் தடவை, முன்னால் இருக்கிற பையனுக்கு விடை சொல்கிறான் என்று தாளைப் பிடுங்கி, காப்பி அடித்தான் என்று ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அந்தக் காகிதம் இன்னும் ஹெட்மாஸ்டர் மேஜையிலதான் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை ஆபீசுக்கு அனுப்பிடுவாரு. போயிட்டா மத்தப் பரீட்சையும் எழுத முடியாது" என்றார் வாத்தியார். "நீங்க வந்து சொல்லணும். இது வீட்டுல பழக்கினது, காப்பி அடிக்கலைன்னு. நான் சொன்னா வேண்டிய பையனுக்குப் பேசுறேன்னு நினைப்பாரு. வீட்டு ஆள் சொன்னாக் கேட்பாரு, நல்ல மனுஷன்." தலையை ஆட்டினேன்.

மறுநாள் புளி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். புகையிலைக் கறை போகவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஹெட்மாஸ்டர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய மனிதர்கள் முன்னால் பேச்சு வராது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். வராந்தாவில் நின்றதும் ஒரு சொல்லும் இல்லை. பியூன் வந்து, "யாருய்யா, என்ன வேணும்?" என்று கேட்டான். "சும்மாதான்" என்றேன். சொல்லிவிட்டு இறங்கி நடந்துவிட்டேன். ஊர் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பத்து மணி தாண்டியபின் வீட்டுக்கு வந்தேன்.

தம்பி அடுத்த பரீட்சைக்கான புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஹெட்மாஸ்டர் என்னண்ணே சொன்னாரு?"

"ஒத்துக்கமாட்டேன்னுட்டாருப்பா."

அவன் அழவில்லை. "கெஞ்சிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டான். பார்த்தேன் என்றேன். அம்மாவும் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

மறு வருடம் எழுதலாம் என்று வாத்தியார் எத்தனையோ முறை வந்து கூப்பிட்டார். இவன் போகவில்லை. என் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு உட்கார்ந்துவிட்டான். பதினான்கு வருடமாகிறது. என்னைவிட நேர்த்தியாகச் சுற்றுகிறான். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. தனக்காகக் கெஞ்சப் போன அண்ணன் என்றுதான் தன் மனைவியிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறான். அவன் கோபமெல்லாம் ஹெட்மாஸ்டர் மேல். அவர் ஓய்வு பெற்றபின் எங்களிடமே சுருட்டு வாங்க வந்தார். இவன் பாதி சுற்றிய சுருட்டைப் போட்டுவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டான். அவர் ஒன்றும் புரியாமல், "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் தாளில் சுற்றிக் கொடுத்தேன். வாசல் வரை கூடப் போனேன்.

போன வாரம் அவர் சின்னாளப்பட்டியில் மகன் வீட்டில் இறந்துபோனார். பஸ் ஏறிப் போய், கூட்டத்தின் கடைசியில் நின்று, முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று கிணற்றடியிலேயே நின்றேன். தம்பி வந்தான்.

"அந்த ஆளு சாவுக்கா போயிட்டு வார? உனக்குச் சூடு சொரணையே கிடையாதாண்ணே?"

நான் துண்டை அவிழ்த்துக் கிணற்றுக் கல்லில் போட்டேன். பிறகு அவனே, "சரி, உட்காரு" என்று சொல்லி, வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்து என் தலையில் ஊற்றினான். ஒரு வாளி, இன்னொரு வாளி. குனிந்து உட்கார்ந்திருந்தேன். கிணற்றடியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

1969, ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.