தாம்பூலப் பையில் போன எட்டுப் பாட்டு

போன வாரம் ஒரு கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையைக் காரின் பின்சீட்டிலேயே மறந்துவிட்டேன். மூன்று நாள் மதுரை வெயில். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் பாருங்கள், வெற்றிலை அழுகிக் கூழாகி, உள்ளே ஏதோ செத்துக் கிடப்பதுபோல. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். எனக்கோ ஒரு சிடி ஞாபகம் வந்தது. எங்கள் முதல் ஆல்பம். கடைசி ஆல்பமும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர். ஆனையூரில் பிரபு வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாசிப்போம். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, கிடாரை மாட்டிக்கொண்டு பாடுவது எல்லாம் பிரபு. நான் பேஸ் கிடார். அதில் நான்கு கம்பி உண்டு, எனக்கு இரண்டு போதும். மற்ற இருவரில் ஒருவன் டிரம்ஸ், ஒருவன் இன்னொரு கிடார். சொந்தப் பாட்டு என்று சொன்னால் அப்போதெல்லாம், "எந்தப் படத்துல வருது?" என்றுதான் கேட்பார்கள்.

பிரபுவின் பாட்டு எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. கிடார் காதைக் கிழிக்கும். மெட்டு மட்டும் சர்க்கரை. நாங்கள் சேர்ந்து பாடும் இடம் வந்தால், எங்களைத் திட்டுவதற்கென்றே படியேறி வரும் கீழ்வீட்டு அக்காவும் முணுமுணுத்தபடிதான் இறங்கிப் போவாள். திருப்பரங்குன்றத்துக்கு ரயிலில் போகிற ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. எதிரே உட்கார்ந்தவன் பேச வாயெடுப்பதற்குள் ஊர் வந்துவிடும், பாட்டும் முடிந்துவிடும். அதைப் பாடும்போது பிரபு கண்ணை மூடிக்கொள்வான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே தப்பாக வாசிப்பேன்.

காளவாசலில் ஒரு டயர் கடைக்கு மேலே ஸ்டூடியோ. எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, அறையெல்லாம் பூனை மூத்திர வாடை. செலவை ஏற்றுக்கொண்டவர் பிரபுவின் தாய்மாமன். லாரிகள் வைத்திருந்தார். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. ஜவ்வாதும் வியர்வையும் கலந்த அக்குளோடு தோளில் கை போட்டுத்தான் பேசுவார். பாக்கை மென்று ஸ்டூடியோக்காரர் ஆசையாக வளர்த்த பூந்தொட்டியில் துப்புவார். துப்பிவிட்டு, என்னமோ உரம் போட்டவர்போல நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

எட்டுப் பாட்டும் பதிவான அன்று வந்தார். அடுத்த மாதம் பிரபுவின் தங்கைக்குப் பூப்புனித நீராட்டு விழா. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது சாதாரணமில்லை. எத்தனை தட்டு, எத்தனை கிடா, எவ்வளவு நேரம் வெடி என்று ஊர் ஒரு வருடம் பேச வேண்டும்.

"மருமகனே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுப் பாட்டுல மாமனப் பத்தி ஒரு வரி இல்லையே? மொதப் பாட்டா ஒண்ணு போடு. சீரு கொண்டு வாரப்ப போட்டுருவோம்" என்றார்.

"அது இதோட சேராது மாமா" என்றான் பிரபு.

"அப்ப ஆல்பமே வேணாம்னு சொல்லு."

பிரபு என்னைப் பார்த்தான். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், அவன் வேண்டாம் என்று எழுந்து வந்திருப்பான். நான் சொன்னது இது: "ஒரு பாட்டுத்தான மாப்ள. மிச்சம் எட்டும் வெளிய வந்துரும்ல."

"என்னால எழுத முடியாதுடா" என்றான்.

நான் எழுதினேன். அரை மணி நேரத்தில், சிங்கம், வள்ளல், எங்க குலத்துத் தங்கம் என்று நான்கு சரணம். எழுதும்போது கை கூசவில்லை. சந்தம் சரியாக விழுந்ததும் சந்தோஷப்பட்டேன் வேறு, சீ! பிரபு ஒரே மூச்சில் பாடிவிட்டு, கீழே இறங்கி டயர் கடை ஓரமாக வாந்தி எடுத்தான். "பரோட்டா சேரல மாமா" என்று நானே சமாளித்தேன்.

ஆல்பத்துக்குப் பிரபு வைத்த பெயர் 'கடைசி சீட்டு'. சிடி வந்தபோது உறை முழுக்க மாமா, கூலிங் கிளாஸும் கும்பிட்ட கையுமாக. 'மாமன் கொண்டு வந்த சீர்' என்று பெரிய எழுத்து. நாங்கள் நால்வரும் கீழே மூலையில், ஸ்டாம்ப் அளவுக்கு.

திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் விழா. மைக்செட்டில் முதல் பாட்டு முடிந்து ரயில் பாட்டின் கிடார் நாலு நொடி கேட்கும். மாமா கையைச் சுழற்றுவார். மறுபடியும் சிங்கம், மறுபடியும் வள்ளல். பந்தி முடியும்வரை இதேதான். அவர் உத்தரவுப்படி சிடிகள் டப்பா இல்லாமல் அந்தக் காகித உறையோடேயே, தாம்பூலப் பைக்குள் தேங்காயோடும் ஈர வெற்றிலையோடும் போயின. கேட்டீர்களா என்று பிறகு ஒருவரிடம் கேட்டேன். "தேங்கா ஒரசி அம்புட்டும் கீறலுப்பா, ஓட மாட்டேங்குது" என்றார். ஊருக்கு வெளியே ஒரு சோளக்கொல்லையில் கிளி விரட்ட அந்த சிடிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்தேன். பிரபு அதற்குப் பிறகு கிடாரைத் தொடவில்லை.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. பதிவு இருந்த ஹார்டு டிஸ்கில் எப்போதோ வேறு எதையோ ஏற்றிவிட்டார்கள். நால்வரில் ஒருவரிடமும் ஓடுகிற சிடி இல்லை. போன மாதம் காளவாசலில் பிரபுவைப் பார்த்தேன். போர்வெல் மோட்டார் விற்கிறான். டீ குடிக்கும்போது கேட்டேன்.

"அந்த ரயில் பாட்டு எப்படிடா ஆரம்பிக்கும்?"

டீ கிளாஸில் விரலால் தாளம் தட்டிப் பார்த்தான்.

"மறந்துபோச்சு மாப்ள. வாரேன்" என்று வண்டியை எடுத்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீடு வரும்வரை நானும் முயன்றேன். சொல்லும் இல்லை, மெட்டும் இல்லை. எட்டில் ஒன்றுகூட இல்லை. மாமா பாட்டு மட்டும் நான்கு சரணமும் ஒரு எழுத்து பிசகாமல் வருகிறது.