கேமரா என் கைக்கு வந்த நாள்

மும்பை செம்பூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் ஆபரேஷன் தியேட்டரில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தும், வயிற்றுக்குள் நடப்பதை நான் சரியாகப் பார்த்ததில்லை. டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பேன். தெரிவதெல்லாம் அவருடைய குனிந்த தலைதான்.

வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுக் கேமரா வழியாக ஆபரேஷன் செய்யும் லேப்ராஸ்கோப்பி மெஷின் வந்தபோது டாக்டருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மாட்டுங்காத் தமிழர், வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டே பழகியவர். வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார். மதியங்களில் அட்டைப்பெட்டிக்குள் நீளக் கருவிகளை விட்டு, திரையைப் பார்த்தபடி திராட்சைத் தோலை உரிப்பார். நான் கேமராவைப் பிடிப்பேன். கையை இடப்பக்கம் அசைத்தால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். "கை சொன்ன பேச்சைக் கேக்கமாட்டேங்கறது, சிஸ்டர்" என்று சிரிப்பார்.

முதல் நோயாளி, தாராவியில் இட்லி விற்கும் ஓர் அக்கா. பித்தப்பையில் கல். அன்று பார்த்து மழையில் ஹார்பர் லைன் ரயில்கள் நின்றுவிட்டன. கேமரா பிடிக்க வேண்டிய ஜூனியர் டாக்டர் வரவில்லை.

"பெட்டியில பிடிச்சேளே, அதே மாதிரிதான். வாங்கோ" என்றார் டாக்டர்.

தொப்புள் வழியாகக் கேமரா உள்ளே போனது. திரை முழுக்க ஈரல், பளபளவென்று! அதன் அடியில் பச்சையும் நீலமுமாகப் பித்தப்பை. இன்னும் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் கேமராவை நகர்த்தினேன், படம் ஆடியது.

"ஆடாம, சிஸ்டர்."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர், தரை துடைக்கும் மாவுஷி என்று எல்லோர் கண்ணும் திரையில். டாக்டர் அவசரப்படாமல் பித்தப்பையின் குழாயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். "இதுதானே?" என்று ஜூனியர் மாதிரி எங்களைக் கேட்டார். கிளிப் போட்டு வெட்டினார். பை தொப்புள் வழியே வெளியே வந்ததும் மாவுஷிதான் முதலில் கை தட்டினாள்.

மறுநாள் காலை அந்த அக்கா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி.

"நெசமாவே எடுத்தாவளா? எங்க அக்காவுக்கு இம்புட்டு நீளம் கீறுனாவளே!"

"நான்தான்க்கா கேமரா பிடிச்சேன். எங்கண்ணால பாத்தேன்லா" என்றேன்.

"நீங்க பாத்தா ஆச்சா? எனக்குக் காட்டுங்க."

கற்களைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரமே அவள் சந்திலிருந்து மூன்று பெண்கள் வந்து, "ஓட்ட போடுற டாக்டர் எங்க?" என்று விசாரித்தார்கள்.