யோசேப்பு தொடாத மலீதா

கண்ணுகளா, மைசூரிலிருந்து திரும்பியதும் அரண்மனை பார்த்தீர்களா, யானை பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. ஒரு தட்டு அவலைப் பார்த்துவிட்டு வயிறெரிந்து வந்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையின் இருபத்தேழு வளைவுகளிலும் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளிலேயே தூங்கினார். சாமராஜநகரில் ஒரு காபி. மைசூர் சேரும்போது பதினொன்றரை. பஸ் ஸ்டாண்டு எதிரில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு யாதவகிரிப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஐசக் மாமாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிறப்பதற்கு முன்பு போத்தனூர் ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்தவர். யூதர். கொங்கணக் கரையில் பல தலைமுறை வாழ்ந்த குடும்பம். அவர் மகள் லேயாவுக்கு அன்று நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாரும் அதே கரையிலிருந்து இஸ்ரேல் போனவர்கள்தான். கல்யாணம் முடிந்தால் அவளும் அங்கே போய்விடுவாள்.

மைசூர்பாகைக் கொடுத்ததும் ஐசக்கின் மனைவி சாரா சிரித்தார். "அண்ணா, மத்தியானம் கறிச் சோறு. நெய்ப் பண்டம் ராத்திரிக்கு மேலதான்" என்று அலமாரி உச்சியில் வைத்தார். கறி தின்றால் அதோடு பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். பல மணி நேரம் கழிய வேண்டும். அவர்கள் வேதத்தின் கட்டளை அது. கறிக்குழம்புக்குக்கூடத் தேங்காய்ப்பால்தான். நாமெல்லாம் கடைசியில் மோர் ஊற்றாமல் எழுந்திருப்போமா? அவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுந்திருக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்து ஐசக்கும் லேயாவும் மலீதா என்ற அவல் இனிப்பைச் செய்ய உட்கார்ந்தார்கள். நல்ல காரியம் எதுவானாலும் எலியா தீர்க்கதரிசியை நினைத்து அதை வைத்து ஜெபிப்பது அவர்கள் வழக்கம். அவலை ஊறப்போடுவதில்லை. தண்ணீர் தெளித்துப் பிசிறி, தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலம், முந்திரி சேர்த்து, சுற்றிலும் பழங்கள் அடுக்குகிறார்கள். ஐசக்குக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவர் இதைத் தன் அப்பாவிடம் கற்றாராம். லேயா இவரிடம். துருவல் வேலை எனக்கு வந்தது.

"யோவ் ஆறுமுகம், சிரட்டையை விட்டு வைப்பா, அதுவும் வேணுமா?" என்றார் ஐசக்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு சாராவின் அண்ணன் யோசேப்பு வந்தார். அவரும் பழைய போத்தனூர்க்காரர். இஸ்ரேலில் குடியேறி இருபது வருஷம். இந்தச் சம்பந்தம் அவர் கொண்டுவந்தது. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் முன்னால் வந்தவருக்கு, கூடத்தில் தட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"சாரா, இதை உள்ள எடு. கோயில் பிரசாதம் மாதிரி இருக்கு. அங்க நம்மளப் பாத்து நீ யூதனான்னே கேக்கறான். சம்பந்தி என்ன நினைப்பாங்க? கேக் கொண்டாந்திருக்கேன், அதை வை."

எனக்கு வந்ததே கோபம். அவர் வளர்ந்ததும் இந்த அவலைத் தின்றுதானே! இருபது வருஷத்தில் அது கேவலமாகிவிட்டதா? இதில் கொடுமை, ஐசக் மறுபேச்சில்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மகளின் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம்.

"ஏனுங்க, நீங்க இதைத் திங்காமயா வளந்தீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"ஆறுமுகம், இது எங்க வீட்டு விஷயம்" என்றார்.

லேயா கேக் பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு விரற்கடைக்கு வெண்ணெய். அதை மூடிவிட்டு உள்ளே போய், அப்பா வைத்த தட்டை எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தாள்.

"மாமா, கறி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்கூட ஆகல. வெண்ணெய் கேக்கை வச்சு ஜெபிக்கச் சொல்றீங்க. இதுல தேங்காய்தான் இருக்கு. எங்கப்பா செஞ்சதை ஒளிச்சு வச்சுட்டு நான் மோதிரம் போட்டுக்க மாட்டேன்."

ஐசக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா தட்டையே பார்த்தார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜெபத்துக்கு எழுந்து நின்றார். மகனும் எழுந்தான். சம்பந்தி என்ன நினைப்பாரோ என்றாரே யோசேப்பு, இதோ சம்பந்தி நிற்கிறார். ஐசக் தட்டின் முன்னால் வந்து நின்று ஜெபத்தைத் தொடங்கினார்.

யோசேப்பு தன் பங்கை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்ய ஐசக்தான் பின்னால் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார், கேட்டவர் யார்? அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆறரைக்கு மாப்பிள்ளை வீட்டாரையும் யோசேப்பையும் ரயில் ஏற்றிவிட ஐசக் வீட்டார் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். என் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நான் காவல். நாளைக்கு நீங்களும் படித்துப் பெரிய ஊருக்குப் போவீர்கள். யாரோ சிரிப்பார்கள் என்று அம்மாவின் கம்மங்களியைத் தள்ளி வைப்பீர்களோ என்று யோசித்தபடி வராந்தாவுக்கு வந்தேன்.

நாற்காலிக்கு அடியில் யோசேப்பின் தட்டு. ஒரு அவல்கூடக் குறையவில்லை. எறும்பு வர ஆரம்பித்திருந்தது. ஐசக் திரும்பி வந்து அதைப் பார்க்கக் கூடாது. எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். தட்டைக் கழுவி, மற்ற தட்டுகளோடு கவிழ்த்து வைத்தேன்.