மரத்துக்கு ரேட் சொல்கிறவள்

எந்த மரத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது அதை வெட்ட ஆகும் செலவுதான். கொஞ்ச நாளைக்கு முன்னால் மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தலை ஒட்டி ஒரு வேம்பு நின்றது. எல்லோரும் அதன் நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளையைத் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். அரை நாள் ஆகும். இலையில் பாயசம் ஊற்றியதுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என் நாத்தனார், போன இடத்திலுமா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்கு மரம் கழிக்கிற தொழில். வீட்டுக் கூரைமேலும் கரண்டு கம்பிமேலும் வளர்ந்து நிற்கிற மரங்களைக் கிளை கிளையாக அறுத்து இறக்குவோம். என் வீட்டுக்காரர் மேலே ஏறுவார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டையைச் சுற்றிக் கீழே இறங்கி என் கைக்கு வரும். அதைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருப்பது என் வேலை. போனில் பேசுவது, மரத்தைப் பார்த்து ரேட் சொல்வது, காசு வாங்குவது எல்லாமும் நான்தான். அவருக்குக் காசு பேச வராது. பேசவிட்டால் எதிராளியின் கஷ்டத்தைக் கேட்டுவிட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டு வருவார்.

அதற்கு முன்னால் பல வருஷம் அவர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் நிழல் மரம் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். விடியும் முன்னே ஜீப்பில் ஆட்டை அடைக்கிற மாதிரி அடைத்துக் கூட்டிப்போவார்கள். இருட்டிய பிறகுதான் வீடு. யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம், நமக்கு நாமே முதலாளி என்று சொல்லித்தான் மரம் அறுக்கிற செயின் மிஷின் வாங்கினோம். வாங்கியது என் கழுத்துச் செயினை பேங்கில் வைத்து. ஒரு செயினைக் கொடுத்து இன்னொரு செயினை வாங்கியிருக்கோம் என்று அவர் அன்றைக்குக் கேலி பேசினார். நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. மிஷின் செயின் இதுவரை எத்தனை மாற்றியிருப்போம் என்று எனக்கே கணக்கு இல்லை.

முதலாளி என்றால் என்ன என்று பிறகுதான் தெரிந்தது. மிஷின் பெட்ரோலும் டூடி ஆயிலும் கலந்து குடிக்கும். அது நிற்கும்போதும் நமக்குச் செலவுதான். மரத்துக்குள் ஆணி இருந்தால் ஒரே நொடியில் செயினின் பல்லெல்லாம் போய்விடும். யாரோ எந்தக் காலத்திலோ விளம்பரப் பலகை அடித்த ஆணிக்கு நான் தண்டம் கட்ட வேண்டும். வெட்டிய கிளையை அள்ளிப்போக குட்டியானை வண்டி வாடகை. கீழே விழுந்த கிளையைத் துண்டு போட ஒரு ஆள், அவருக்குக் கூலி, சாப்பாடு, இரண்டு வேளை டீ. முசுறு எறும்பு கடித்து உடம்பெல்லாம் தடித்தால் ஊசி. நைலான் கயிறு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே நைந்திருக்கும். அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. இன்சூரன்ஸ் போடலாம் என்று ஒருவரைக் கூப்பிட்டேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எடுத்த பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டார்.

எங்கள் தொழிலில் இன்னொரு கூத்து உண்டு. யார் யாருக்குக் காசு கொடுப்பது என்பதை மரம்தான் முடிவு பண்ணும். தோட்டத்துப் புளி, வேம்பு என்றால் விறகுக்கும் பலகைக்கும் விலை உண்டு. அதற்கு நாங்கள் காசு கொடுத்துத்தான் வெட்ட வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தைச் செங்கல் காளவாசலுக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைகூடத் தேறாது, அதற்கு மரத்துக்காரர்கள் எங்களுக்குக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், மரத்தையும் எடுத்துக்கொண்டு காசும் கேட்கிறாயா என்று சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் வாய் கொடுத்துக் கொடுத்தே எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஊரில் பேச்சு. நீண்டதுதான், இல்லாவிட்டால் எப்போதோ தொழிலை மூடியிருப்போம்.

ஆனி, ஆடி மாதங்களில் கணவாயிலிருந்து காற்று இறங்கும்போதுதான் சனங்களுக்கு மரத்தைப் பார்த்து பயம் வரும். போன் ஓயாது. ஏறவே கூடாத காற்றும் அதே காற்றுதான். ஐப்பசி மழையில் மரம் வழுக்கும், வேலை கிடையாது, நகை வட்டிக்கு மட்டும் மழை கிடையாது.

போன வருஷம் காற்றுக்காலத்தில்தான் அதை முதலில் கவனித்தேன். அவர் மேலே இருக்கும்போது முகம் எனக்குத் தெரியாது. இலை மறைத்துவிடும். கயிறுதான் தெரியும். அவர் நகர்ந்தால் கயிறு இழுக்கும், நான் விடுவேன். மிஷினை இழுத்து ஓட்டினால் கையில் குறுகுறுக்கும். அன்றைக்குக் கயிறு சம்பந்தமில்லாமல் நடுங்கியது, பிறகு அசையாமல் நின்றது. மிஷின் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி இழுத்தது. இறங்கி வந்தவர், எறும்பு என்றார். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. அடுத்தடுத்த மரங்களிலும் அது வந்தது. அவருக்கு மேலே கிறுகிறுப்பு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டிருக்கலாமே என்று தோன்றும். மரம் ஏறுகிற வீட்டில் விழுகிற பேச்சை எடுக்க மாட்டோம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பாத்திரம் கை தவறினால்கூட யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுவும் போக, கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வேறு ஆள் வைத்து ஏற்றலாம் என்றால் ஏறத் தெரிந்தவர்களெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கூலிக்குப் போய்விட்டார்கள். பேங்கில் நகை, தேனியில் காலேஜ் படிக்கிற மகள், நிற்கிற மிஷின். ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர் குறட்டை விடுவார். எனக்கு அந்தக் குறட்டைமேல் ஆத்திரமாக வரும்.

கடைசியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. ரேட் சொல்வது நான்தானே. உயரமான மரத்துக்கு யாரும் ஒத்துக்கொள்ளாத ரேட்டைச் சொல்லிவிடுவது, குட்டை மரத்துக்குக் குறைத்துச் சொல்வது. உயர மரம் வராது, அவர் ஏற வேண்டாம், யாரும் எதையும் பேசவும் வேண்டாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் இரண்டு மூன்று பேர் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். மயிலாடும்பாறையில் ஒருவர், மரத்தோடு வீட்டையும் சேர்த்தா வாங்குறீக என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் ஒருவர் சரி என்றார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். அவுக காசு கூடத்தான், ஆனா ஒரு ஓடு ஒடையாம எறக்கிக் குடுப்பாக என்று எங்களைப் பற்றிப் பேச்சு பரவியிருந்தது. காசு கூட என்றால் வேலை சுத்தம் என்று சனங்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். நான் இன்னும் ஏற்றினேன். இன்னும் பெரிய வீடுகளிலிருந்து கூப்பிட்டார்கள், இன்னும் பெரிய மரங்கள். குட்டை மரம் வைத்திருந்தவர்கள், அவ்வளவு பெரிய ஆளுகளை நாம எங்கன கூப்பிட என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ரேட் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். காசுப் பேச்சு என் பொறுப்பு என்பதால் ஒன்றும் கேட்க மாட்டார்.

அப்படித்தான் அந்தக் கல்யாண மண்டபம் வந்தது. முன்வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம், மண்டபத்துத் தகரக் கூரையைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. ஊடே கரண்டு கம்பி. நியாயமாகப் பதினெட்டாயிரம் பெறும். நான் மரத்தைச் சுற்றி வந்து நாற்பது என்றேன். மண்டபத்து மேனேஜர் சின்ன வயசுக்காரர். முதலாளியிடம் போனில் கேட்டுவிட்டு வந்து முன்பணத்தை என் கையில் வைத்தார். நான் வாங்காமல் நின்றேன். என் வீட்டுக்காரர்தான், வாங்கு என்றார். அந்த வாரமே அது மகளின் பீஸுக்குப் போய்விட்டது.

கம்பி ஓரத்து மரத்தை மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிற நாளில்தான் தொட முடியும். காலையில் கரண்டு போனதும் ஏறினால் சாயங்காலம் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். அன்றைக்கு மத்தியானம்வரை நல்லபடியாகத்தான் நடந்தது. கம்பிப் பக்கத்துக் கிளையெல்லாம் இறங்கிவிட்டது. தகரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளைதான் பாக்கி. அதில் பாதிவரை அறுத்திருப்பார், மிஷின் நின்றது. கயிறு நடுங்கியது, பிறகு அசையவே இல்லை.

நான் காத்திருந்தேன். இந்தத் தடவை பழையபடி இழுக்கவில்லை. சற்று விலகி நின்று பார்த்தேன். கவட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மரத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடியிருந்தார். மிஷின் இடுப்பிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்து ஏன் நிறுத்திவிட்டார் என்று கேட்டார். சீரியல் செட் கட்டுகிறேன் என்று நீங்கள் அடித்த ஆணியெல்லாம் செயினில் மாட்டுகிறது, வேறென்ன என்று எரிந்து விழுந்தேன். அவர் பாவம், நகர்ந்து போய்விட்டார். என் கை வேர்த்து வழுக்கியது. விட்டுத் துடைக்கவும் முடியாது.

வெகுநேரம் கழித்துக் கயிறு மெல்ல இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவரைத் தரைக்குக் கொண்டுவந்தேன். துண்டு போடுகிற ஆளை டீ வாங்கிவர அனுப்பினேன். என் வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்தா, ஒனக்கு அப்படி என்ன செலவு இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. என்ன செலவு என்றேன்.

"ஒரு வருசமா ரேட்ட ஏத்திக்கிட்டே போற. எங்கிட்டச் சொல்ல முடியாத செலவு எதுவோ ஒனக்கு இருக்குன்னு நெனச்சேன். அதனாலதான் கிறுகிறுன்னு வந்தாலும் ஏறிக்கிட்டு இருக்கேன். இல்லாட்டி எப்பயோ ஒன்கிட்டச் சொல்லி நிறுத்திருப்பேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"நீங்க ஏறக் கூடாதுன்னுதாங்க நான் அந்த ரேட்டுச் சொன்னேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாதி அறுபட்டுத் தகரத்துக்கு மேலே தொங்கிய கிளையைப் பார்த்தார். டீ வந்தது, குடித்தோம். ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை இரண்டு பேரும் சொல்லியாகிவிட்டது. எல்லாம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கிளை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒரு காற்று அடித்தால் கூரையோடு கீழே வரும். மறுநாள் அங்கே முகூர்த்தம். அதை விட்டுவிட்டுப் போக முடியாது. அவரைத் தவிர ஏற ஆளும் கிடையாது.

"இதோட சரி. இது ஒண்ண எறக்கிட்டு வந்துடுறேன்" என்று எழுந்து பெல்ட்டை இறுக்கினார். நான் கயிற்றை மறுபடி இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தேன். இத்தனை நாள் தெரியாத மாதிரி பிடித்திருந்ததுகூட இதைவிடப் பரவாயில்லை. எல்லாம் தெரிந்து, சொல்லியும் முடித்து, அவரை மேலே அனுப்புவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கிளை இறங்கும்வரை ஊரில் உள்ள சாமியெல்லாம் வாயில் வந்து போனது. கிளை இறங்கியது. அவரும் இறங்கினார். நாங்கள் சருகைக் கூட்டி வண்டியில் ஏற்றும்போது மண்டபத்து ஃபேனெல்லாம் ஒன்றாகச் சுற்றத் தொடங்கியது. கரண்டு வந்துவிட்டது.

மேனேஜர் பாக்கியை எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறைத்துப் பேசவில்லை.

"அக்கா, லோயர் கேம்ப்ல எங்க மாமாக வீட்டுல ஒண்ணு நிக்கிது. நீங்கதான் வரணும்னு சொல்லிப்புட்டாக. ரேட்டெல்லாம் நீங்க சொல்றதுதான்."

இனிமேல் என் வீட்டுக்காரர் ஏற மாட்டார் என்ற வாக்கியம் எனக்கு மத்தியானத்திலிருந்தே தயாராக இருந்தது. அவர் என் முதுகுக்குப் பின்னால் முழங்கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகிற சத்தம் நின்றது. மாசக் கடைசிக்குள் நகைக்கு வட்டி கட்ட வேண்டும்.

"எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்று கேட்டேன்.

பின்னால் கயிறு மறுபடி சுற்றத் தொடங்கியது.